நிறுவனத்தின் பதற்றம், ஒருவரின் உடம்பில்

தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் மருத்துவ உளவியலாளரிடம் வரும்போது, நாங்கள் எழுதும் விவரக் குறிப்பில் குடும்பத்துக்கும் குழந்தைப் பருவத்துக்கும் பல பக்கங்கள் போகின்றன. வேலைக்கு ஒரு வரி போதும் என்று பழகியிருக்கிறோம். செவிலியர், ஏழாண்டு அனுபவம், இரவுப் பணி உண்டு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள்தான் பல நேரங்களில் முழு நோயும் இருக்கிறது என்பது இத்தனை ஆண்டுகள் ஆலோசனை அறையில் அமர்ந்ததில் எனக்கு உறுதியான எண்ணம். தனிமனிதர்களுக்குச் சிகிச்சை அளிப்பதோடு, மருத்துவமனைகள், பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு ஆலோசகராகவும் நான் பணியாற்றி வருகிறேன். இந்த இரண்டு தொழில்களும் ஒன்றுக்கொன்று ஏன் தேவைப்படுகின்றன என்பதையும், எந்த இடத்தில் அவற்றைக் கண்டிப்பாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இரண்டையும் இணைக்கும் முயற்சி புதியதன்று. லண்டனில் 1920இல் தொடங்கப்பட்ட டாவிஸ்டாக் மருத்துவ மையம், முதல் உலகப் போரில் மனம் நொறுங்கித் திரும்பியவர்களின் துயரைக் கண்ட மருத்துவர்களின் அக்கறையிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு பணியாற்றிய பலர் ராணுவத்தில் சேர்ந்தனர். அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பது, போரில் மனம் தளர்ந்த வீரர்களை மீட்பது போன்ற பெரிய அமைப்பு சார்ந்த பொறுப்புகள் அவர்களுக்கு வந்தன. ஓர் அறையில் ஒரு நோயாளி என்ற பழைய முறை அங்கே போதவில்லை. போர் முடிந்ததும் அவர்கள் அமைத்த டாவிஸ்டாக் மனித உறவுகள் ஆய்வு நிறுவனம், 1948இல் மருத்துவ மையம் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையோடு இணைந்தபோது தனியாக நின்று, தொழிற்சாலைகளோடும் சுரங்கங்களோடும் மருத்துவமனைகளோடும் வேலை செய்யத் தொடங்கியது. உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர்கள் தொழிற்சாலைத் தளத்துக்குள் நுழைந்த வரலாறு இதுதான்.

அந்த வரலாற்றில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் நிகழ்ச்சி பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் 1942, 43 குளிர்காலத்தில் நடந்தது. இந்தியாவில் மதுராவில் பிறந்தவரும், முதல் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்தவருமான மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியோன், மனநோயிலிருந்து மீண்டு படைக்குத் திரும்ப வேண்டிய வீரர்களின் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். ஒழுங்கின்மையும் சோம்பலும் அங்கே நிலவின. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவதை விடுத்து, அனைவரும் ஏதேனும் ஒரு வேலைக் குழுவில் சேர வேண்டும் என்றும், தினமும் நண்பகல் 12.10 மணிக்கு அனைவரும் கூடித் தம் பிரிவின் நிலையைத் தாமே பார்க்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். பெரும்பாலானோர் வேலை செய்யாமல் ஏமாற்றுகிறார்கள், அவர்களைத் தண்டியுங்கள் என்று சிலர் முறையிட்டபோது அவர் தண்டிக்க மறுத்தார். இது உங்கள் அனைவரின் சிக்கல், இதை நீங்களே ஆராயுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். சில வாரங்களில் பிரிவின் போக்கு மாறத் தொடங்கியது. ஆனால் ஆறு வாரங்களிலேயே மேலிடம் அந்த முயற்சியை நிறுத்திவிட்டது. பிரிவுக்குள் வேலை நன்றாக நடந்தது. பிரிவைச் சுற்றியிருந்த மருத்துவமனை நிர்வாகத்தின் கலக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. சிறு குழுவுக்குள் மாற்றத்தைக் கொண்டுவருபவர், அந்தக் குழு அமர்ந்திருக்கும் பெரிய அமைப்பு அதைத் தாங்குமா என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்தத் துறையில் யாராவது ஒருவருடைய வேலையை மட்டும் படிக்க வேண்டும் என்றால், இசபெல் மென்சீஸின் வேலையைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஸ்காட்லாந்தில் பிறந்து, பொருளியலும் உளவியலும் கற்று, பின்னர் உளப்பகுப்பாய்வாளராகப் பயின்றவர் அவர். 1950களின் இறுதியில் லண்டனின் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனை, செவிலியர் மாணவிகளின் பணி ஒதுக்கீட்டில் ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்க உதவி கேட்டு டாவிஸ்டாக்கை அணுகியது. அங்கிருந்த சுமார் 700 செவிலியர்களில் முழுப் பயிற்சி பெற்றவர்கள் 150 பேர்தாம், மற்றவர்கள் மாணவிகள். வார்டுகளின் தேவைக்கு ஆள் அனுப்புவதா, மாணவிகளின் படிப்புக்கு ஏற்ப அனுப்புவதா என்ற இழுபறியில் அமைப்பு முறிந்துவிடும் நிலையில் இருந்தது. மாணவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோர் தாமாகவே விலகியவர்கள்.

ஒரு வழக்கமான நிர்வாக ஆலோசகர் இங்கே புதிய பணி அட்டவணை ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பார். ஒரு வழக்கமான உளவியலாளர் மாணவிகளுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பயிற்சி அளித்திருப்பார். மென்சீஸ் இரண்டையும் செய்யவில்லை. செவிலியர்களோடு நீண்ட நேரம் பேசினார், வார்டுகளில் நின்று கவனித்தார். மருத்துவமனை கேட்ட கேள்வி அட்டவணையைப் பற்றியது. அவர் கண்டதோ கடுமையான பதற்றம். பிறர் உடம்பைத் தொட்டுச் சுத்தம் செய்வது, வலியால் துடிப்பவரின் அருகே நிற்பது, இறப்பைப் பார்ப்பது, உறவினர்களின் கோபத்தையும் கண்ணீரையும் வாங்கிக்கொள்வது என எந்த மனிதரையும் ஆட்டிவைக்கும் அனுபவங்கள் இருபது வயதுப் பெண்களின் அன்றாட வேலையாக இருந்தன. அந்தப் பதற்றத்திலிருந்து காத்துக்கொள்ள, யாரும் திட்டமிடாமலே, மருத்துவமனையின் பணிமுறை முழுவதும் ஓர் அரணாக உருவாகியிருந்தது என்பதே அவருடைய கண்டுபிடிப்பு.

ஒரு செவிலியர் ஒரு நோயாளியை முழுமையாகப் பார்த்துக்கொள்ள விடாமல், பல நோயாளிகளுக்கு ஒரே வேலையைச் செய்யும்படி பணி துண்டாக்கப்பட்டிருந்தது. யாரோடும் நெருக்கம் உண்டாகாது. நோயாளிகள் பெயரால் அல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் குறிக்கப்பட்டார்கள். மாணவிகள் அடிக்கடி வார்டு மாற்றப்பட்டார்கள். பழகியவர்களைப் பிரியும் வருத்தத்தைத் தாங்குவது நல்ல செவிலியரின் அடையாளமாகப் போற்றப்பட்டது. எந்த முடிவும் ஒருவரின் தோளில் விழாதபடி, ஒவ்வொன்றும் பலமுறை சரிபார்க்கப்பட்டு மேலே மேலே அனுப்பப்பட்டது. நோயாளிக்கு இன்னும் சிறிது தூக்கம் நல்லது என்று தெரிந்தும் அதிகாலையிலேயே எழுப்பி முகம் கழுவிவிடும் வழக்கம் மாறாமல் தொடர்ந்தது. இவை ஒவ்வொன்றும் பதற்றத்தைச் சிறிது நேரம் தள்ளிவைத்தன. எதுவும் பதற்றத்தைக் கரைக்கவில்லை. மாறாக, நோயாளியைத் தானே கவனித்துக் குணமடையச் செய்த மனநிறைவையும் சேர்த்துப் பறித்துவிட்டன. விலகிச் சென்றவர்களில் திறமையும் முதிர்ச்சியும் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள் என்பது மென்சீஸின் கணிப்பு. நோயாளியை மனிதராகப் பார்க்க விரும்பியவர்களுக்கு அந்த அமைப்பில் இடமில்லை.

1960இல் வெளியான அந்த ஆய்வின் கசப்பான பகுதி அதன் முடிவு. மருத்துவமனை சில சிறிய மாற்றங்களை ஏற்றுக்கொண்டது. அடிப்படைப் பணிமுறை மாறவில்லை. அரணை இடிக்கச் சொல்வது, அந்த அரண் காத்துவந்த பயத்தை நேரே சந்திக்கச் சொல்வதற்குச் சமம். அதனால்தான் சிக்கல் மிகக் கடுமையாக இருக்கும் நிறுவனங்களே மாற்றத்தை மிகக் கடுமையாக எதிர்க்கின்றன. இதை விளக்க மருத்துவ உளவியலின் அறிவு தேவை. நீண்ட காலம் வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவரிடம், வெளியே வருவது உடம்புக்கு நல்லது என்று விளக்குவதால் எந்தப் பயனும் இல்லை என்பது எங்கள் துறையில் தொடக்கப் பாடம். நிறுவனங்களிடம் மட்டும் நாம் ஏன் விளக்கப் படங்களோடு போய் நிற்கிறோம்?

பிற்காலத்தில் மென்சீஸ், லண்டனை அடுத்த ஸ்டான்மோரில் உள்ள எலும்பு மருத்துவமனையில், நெடுங்காலம் தங்கிச் சிகிச்சை பெறும் சிறு குழந்தைகளின் பிரிவில் பணியாற்றினார். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குறிப்பிட்ட பணியாளர் பொறுப்பேற்கும் முறை கொண்டுவரப்பட்டது. பெற்றோர் வந்து தங்குவதற்கான வழி விரிவாக்கப்பட்டது. குழந்தையோடு நெருங்கிப் பழகும் பணியாளர், அந்தக் குழந்தை அழும்போது தானும் வேதனைப்படுவார். ஆகவே அந்த வேதனையைப் பேசுவதற்கான இடமும் பணியாளர்களுக்கு வாரந்தோறும் அமைய வேண்டியிருந்தது. பணிமுறையை மாற்றியதும், மாற்றம் எழுப்பும் உணர்ச்சிக்கு இடம் கொடுத்ததும் சேர்ந்து நடந்ததால் அந்த முயற்சி நிலைத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

என்னுடைய அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர்கள் அடுத்தடுத்து வேலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். யோகா வகுப்பும் மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கும் நடத்தித் தரும்படி நிர்வாகம் கேட்டது. பயிலரங்கு நடத்துவதற்கு முன் பிரிவைப் பார்க்க அனுமதி கேட்டேன். அங்கே ஒரே நாடித் துடிப்பு எண்ணும் இரத்த அழுத்த எண்ணும் மூன்று பதிவேடுகளில் எழுதப்பட்டன. ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்பு முழுவதும் படுக்கை எண்ணிலேயே நடந்தது. ஒரு நோயாளி இறந்த அரை மணி நேரத்தில் அதே படுக்கைக்கு அடுத்தவர் வந்தார். இறந்தவரைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஒரு மூத்த செவிலியரிடம், “சிஸ்டர், நேற்று இரவு போனவரைப் பற்றி டியூட்டி ரூமில் பேசிக்கொண்டீர்களா?” என்று கேட்டேன். “பேசினா எப்படி மேடம் அடுத்த பெட்டைப் பார்க்கிறது?” என்றார். அந்தப் பதிலில் அவருடைய பயிற்சியும் அந்தப் பிரிவின் சட்டமும் ஒன்றாக இருந்தன. அவரிடம் குறை ஏதும் இல்லை. இருபது ஆண்டுகள் அந்த வேலையில் நிற்க அவருக்கு அந்த மௌனம் உதவியிருக்கிறது. ஆனால் புதிதாக வந்த இளம்பெண்களுக்கு அந்த மௌனத்தைத் தவிர வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் அழுதார்கள், பின்னர் வேலையை விட்டார்கள். சிலர் ஏதோ ஒரு மருத்துவரிடம் தூக்க மாத்திரை கேட்டிருப்பார்கள். அந்த மருத்துவரின் குறிப்பில் வேலைக்கு ஒரு வரி இருந்திருக்கும்.

அங்கே பயிலரங்கு எதுவும் நடத்தவில்லை. ஷிஃப்ட் முடிவில் பத்து நிமிடம், மேட்ரனும் உடன் அமர, அன்றைய நாளில் மனத்தில் நின்ற ஒரு நோயாளியைப் பெயரோடு பேசும் ஏற்பாட்டைச் செய்தோம். மூன்று பதிவேடுகளை ஒன்றாக்குவது பல மாதங்கள் இழுத்தது. அந்தப் பதிவேடுகள் குற்றம் தம்மேல் வராது என்ற நிம்மதியைத் தந்துகொண்டிருந்ததால், தவறு நேர்ந்தால் நிர்வாகம் எப்படி விசாரிக்கும் என்பது எழுத்தில் தெளிவான பிறகுதான் அவற்றைக் கைவிட மனம் வந்தது. பதிவேட்டைக் குறைப்பது நிர்வாக வேலை, பயத்தைப் பேசுவது உளவியல் வேலை என்று பிரித்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

இதே பொறுமையை, டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எலியட் ஜாக்ஸிடமும் காணலாம். லண்டனில் இருந்த கிளேசியர் மெட்டல் தொழிற்சாலையில் 1948 முதல் அவர் நடத்திய ஆய்வில், ஆய்வுக் குழு மேலாளர்களின் ஆளாக நடந்துகொள்ளாமல், தொழிலாளர் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த ஆலோசனை மன்றத்தின் ஒப்புதலோடு செயல்பட்டது. ஒரு பிரிவில், உற்பத்தி அளவுக்கு ஏற்ற கூலியிலிருந்து மணிக் கணக்குக் கூலிக்கு மாறும் பேச்சு தொடங்கியபோது, எல்லோரும் அந்த மாற்றத்தை விரும்பியும் பேச்சு முடிவுக்கு வரவில்லை. கூலியைப் பற்றிய கணக்கு எளிது. ஒருவர்மீது ஒருவருக்கு இருந்த பழைய அவநம்பிக்கை மேசையின்மேல் வைக்கப்படும்வரை அந்த எளிய கணக்கு நகரவில்லை. ஜாக்ஸ் அங்கே தீர்வு சொல்லவில்லை; பேசப்படாமல் இருந்ததைக் கவனித்துச் சொன்னார், சொன்ன பிறகு அந்த மனிதர்கள் அதைத் தாங்கிப் பேசும் அளவுக்குக் காத்திருந்தார். ஆலோசனை அறையில் நாங்கள் நாள்தோறும் செய்வதும் அதுவே.

இவ்வளவு சொன்ன பிறகு எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு தொழில்களையும் ஒருவரே செய்யும்போது ஆபத்து அங்கேதான் இருக்கிறது. என் ஆலோசனை அறைக்கு வருபவரின் இரகசியம் அவருடைய உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையை வெளிப்படையாகவே உறுதிசெய்கிறது. ஒரு நிறுவனத்தில் நான் நேர்காணல் செய்யும் ஊழியரோ என் நோயாளி அல்லர். எனக்குக் கட்டணம் தருவது அவருடைய முதலாளி. அவர் என்னை நம்பிச் சொல்லும் சொல்லைக் காப்பது, தொடக்கத்திலேயே நிர்வாகத்தோடு நான் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை மட்டுமே சார்ந்திருக்கிறது. ஆகவே தனிநபர் பேச்சு எதுவும் மேலே போகாது என்பதையும், கண்டறிந்தவற்றை முதலில் அந்தக் குழுவிடமே சொல்லி அவர்கள் ஒப்பிய பிறகுதான் நிர்வாகத்திடம் சொல்வேன் என்பதையும், யாரையும் வேலைக்குத் தகுதியானவரா என்று மதிப்பிட்டுத் தர மாட்டேன் என்பதையும் எழுத்தில் வாங்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. என்னிடம் சிகிச்சை பெறும் ஒருவர் பணியாற்றும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால், காரணம் சொல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவேன். காரணத்தைச் சொன்னாலே இரகசியம் உடைந்துவிடும்.

இன்னோர் எல்லை மொழியில் இருக்கிறது. மேலாளர் ஒருவரின் கடுமைக்கு அவருடைய தந்தையோடு இருந்த உறவே காரணம் என்று ஆலோசகருக்குத் தோன்றலாம்; அது சரியாகவும் இருக்கலாம். அதைக் கூட்டத்தில் சொல்வது வன்முறை. சிகிச்சைக்கு ஒப்பாத ஒருவரைச் சிகிச்சைக்கு உட்படுத்தும் உரிமை எனக்கு இல்லை. நிறுவனத்தில் நான் பேசக்கூடியது பொறுப்பு, வேலை, முடிவு எடுக்கும் முறை, கூட்டம் நடக்கும் விதம் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே; அவற்றில் பதற்றம் எப்படி வெளிப்படுகிறது என்பதைக் காண்பதற்கே என் மருத்துவப் பயிற்சி எனக்கு உதவுகிறது. இந்த வேறுபாட்டை மறந்த ஆலோசகர்கள் ஊழியர்களைப் பொதுவெளியில் அழவைத்துவிட்டு அதை மாற்றம் என்று நினைத்துக்கொள்வதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறுநாள் காலை அவர்கள் அதே சக ஊழியர்களின் முகத்தில் விழிக்க வேண்டும்.

இந்தச் சிந்தனை மேற்கில் மட்டும் சோதிக்கப்பட்டது என்று நினைப்பவர்களுக்கு அகமதாபாத்தை நினைவூட்ட விரும்புகிறேன். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் 1953இல், டாவிஸ்டாக்கைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் பணியாற்றினார். அதே குடும்பத்தினர் அந்த ஆண்டுகளில் குழந்தைகளின் உளநலத்துக்காக ஒரு நிறுவனத்தையும் நகரில் நடத்திவந்தனர்; மனத்தைப் பற்றிய அக்கறையும் ஆலையைப் பற்றிய அக்கறையும் ஒரே வீட்டில் இருந்தன. மில்லில் புதிதாகத் தானியங்கித் தறிகள் வந்திருந்தன. எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. 224 தறிகள் இருந்த கூடத்தில் வேலை 12 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெசவாளி, ஊடை நிரப்புபவர், அறுந்த பாவு நூலை இணைப்பவர், எண்ணெய் விடுபவர் என ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தார்கள். யார் யாரோடு சேர்ந்தவர் என்பது எவருக்கும் தெளிவாக இல்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைத் தறிகளுக்கு ஒரு குழு முழுப் பொறுப்பேற்கலாம் என்ற யோசனை பேச்சில் எழுந்தவுடன், தொழிலாளர்களே விரைந்து தமக்குள் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது.

பெரும்பாலான ஆலோசகர்கள் கதையை அந்த வெற்றியோடு முடித்துவிடுகிறார்கள். ரைஸின் சகாவான எரிக் மில்லர் 1970இல் அதே மில்லுக்குத் திரும்பச் சென்று பார்த்தார். ஒரு தறிக்கூடத்தில் குழுமுறையும் அதன் பலனும் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே இருந்தன; மற்றவற்றில் பெரும்பாலும் பழைய முறை திரும்பிவிட்டிருந்தது. அதே முதலாளி, அதே நகரம், அதே யோசனை. குழுக்களைச் சூழ்ந்திருந்த நிலைமைகள்தாம் ஓரிடத்தில் நிலைத்தும் மற்ற இடங்களில் மாறியும் இருந்தன. நார்த்ஃபீல்டில் ஆறே வாரங்களில் நடந்தது இங்கே ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்திருக்கிறது.

மில்லர் திரும்பிப் போனதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஆகவே ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் வந்து பார்ப்பதற்கான ஒரு பிரிவை இப்போது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சேர்க்கிறேன். கட்டணத்தைக் குறைக்கும் பேச்சு வரும்போது நிர்வாகம் முதலில் அடிக்கக் கேட்பது அந்தப் பிரிவைத்தான். நான் விட்டுக்கொடுக்க முன்வருவது மற்ற எல்லாவற்றையும். திரும்பச் செல்லும்போது நான் பார்ப்பது சில சிறிய விஷயங்களை: முதலில் ஆதரவளித்த மேட்ரன் மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பத்து நிமிடப் பேச்சு நடக்கிறதா, புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கு அது ஏன் நடக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, நான்காவதாக ஒரு பதிவேடு முளைத்திருக்கிறதா, முளைத்திருந்தால் எந்தச் சம்பவத்துக்குப் பிறகு முளைத்தது என்பவற்றை.